தொட்டியில் வளர்ந்த கை

எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வந்த சத்தத்தை முதலில் கேட்டவன் என் மகன். அப்போது அவனுக்கு ஒன்றரை வயது. மதியச் சாப்பாடு முடிந்து, தெருவில் ஆள் நடமாட்டம் ஓய்ந்து, என் மாமனார் கூடத்தில் துண்டை விரித்துக் கண்ணயர்ந்திருந்தார். என் மடியில் பாதித் தூக்கத்தில் கிடந்தவன் சட்டென்று தலையைத் தூக்கிப் பின்கட்டைப் பார்த்து, “பாப்பா” என்றான். நானும் கவனித்தேன். கொஞ்சம் பொறுத்து, பச்சைக் குழந்தை வாயைத் திறந்து மூடியது போல ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

உள்ளே இருந்த பிராணி மூச்சுக்காக நீர்மட்டத்துக்கு வந்துபோகும் சத்தம் அது. அதில் பயப்பட ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பிராணி என்னவென்றும் எனக்குத் தெரியும் என்று வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அது இன்னதென்று சொன்னவளே நான்தான்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். என் கணவர் நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சோடு வீடு திரும்புவார். மாமியார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமா கரிசல் காட்டில் பருத்தியும் உளுந்தும் போட்டுக்கொண்டிருந்தவர். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகனோடு கோவில்பட்டிக்கு வந்துவிட்டார். நான் திருநெல்வேலியில் விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கியவள். அந்தப் படிப்பை வைத்து நான் செய்த ஒரே காரியம், பிள்ளைக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுத்தது.

தண்ணீர்தான் அந்த ஊரில் எல்லாமே. எங்கள் தெருக் குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறை வந்தால் பெரிது. வந்த அன்றைக்குக் குடம், அண்டா, சருவம், குழந்தையின் பால் டப்பா வரைக்கும் நிரப்பி வைப்போம். குடிக்கவும் சமைக்கவும் ஆகும் தண்ணீர், பின்கட்டில் மார்பளவு உயரத்தில் கட்டிய சிமெண்ட் தொட்டியில் இருக்கும். மேலே பலகை மூடி. கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. மூடியை விலக்கினால், உச்சிவேளையில் கொஞ்ச நேரம் மட்டும் அதன் வழியாக வெயில் நேராகத் தொட்டிக்குள் இறங்கும். மற்ற நேரமெல்லாம் இருட்டும் குளிர்ச்சியும்தான். நாள் ஆக ஆகத் தண்ணீரில் கொசுப்புழு நெளியும். வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டிக் குடிப்போம்.

அந்த மாசி மாதம் என் கொழுந்தன் வந்தார். அவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். தூத்துக்குடியில் கப்பல் நின்ற இரண்டு நாளில் எங்களைப் பார்க்க ஓடிவந்தார். அண்ணன் மகனுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கி வருவார் என்று நினைத்திருந்தேன். துளைபோட்ட மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே நாலு விரல்கடை தண்ணீர். தண்ணீரில், ஒரு சாண் அளவில் பாதிகூட இல்லாத ஒரு கரிய பிராணி, அசையாமல் படுத்திருந்தது. அதன் இடது முன்கை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறு குமிழ் மட்டும் இருந்தது.

“வழியில மூடில மாட்டி கை போயிருச்சு மதினி. ஆனா நல்லாத்தான் இருக்கு. புழுதான் திங்கும். கடைக்காரன் கொசுப்புழுவத்தான் அள்ளிப் போட்டான்” என்றார்.

டப்பாவின் மேல் ஒரு வண்ண அட்டை ஒட்டியிருந்தது. மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட ஒரு பிராணியின் படம். கீழே ஆங்கிலத்தில், புலிச் சாலமாண்டர் என்றும், குழந்தைகளுக்கு ஏற்ற சாதுவான வளர்ப்புப் பிராணி என்றும் அச்சடித்திருந்தது.

மாமா டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “நீ படிச்ச படிப்புக்கு இப்பத்தான் ஒரு வேல வந்திருக்கு தாயி. இது பல்லியா, ஓணானா, என்ன எழவு?”

“பல்லி இல்ல மாமா. செதில் இல்ல, நகம் இல்ல பாருங்க. தவளைக்குச் சொந்தம். வாலோட இருக்க தவளைன்னு வச்சுக்கோங்க.”

“ஒண்ணும் செய்யாதே?”

நான் அட்டையைப் பார்த்தேன். பிராணியைப் பார்த்தேன். அதன் முதுகில் மஞ்சள் வரி இல்லை. கரும்பழுப்பாக, நனைந்த கரிசல் மண்போல, சொரசொரவென்று இருந்தது. படத்தில் உள்ளதற்கு விலாவில் வரிசையாகப் பள்ளக் கோடுகள் உண்டு; இதற்கு இல்லை. இதையெல்லாம் அந்த நிமிடமே நான் பார்த்தேன். ஆனாலும், “அட்டையில போட்டிருக்கதுதான் மாமா. ஒண்ணும் செய்யாது” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குக் கல்லூரிக்குத்தான் போகவேண்டும். விலங்கியல் செய்முறைத் தேர்வில் நீளமான மேசைமேல் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள் வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஃபார்மலினில் ஊறிய ஓர் உயிரினம். ஒரு ஜாடிக்கு இரண்டு நிமிடம். அது என்னவென்று எழுதி, படம் வரைந்து, காரணம் சொல்லவேண்டும். மணி அடித்தால் அடுத்த ஜாடிக்கு நகரவேண்டும். காலில்லாத நீர்நிலவாழி ஒன்று வந்தது. பார்த்ததும் சரியாக எழுதிவிட்டேன். மணி அடிக்கச் சில நொடிகள் இருக்கும்போது, இத்தனை சுலபமாகவா வைப்பார்கள் என்று தோன்றியது. எழுதியதை வெட்டிவிட்டு மண்புழுப் பாம்பு என்று எழுதினேன். முதலில் எழுதியதே சரி என்று பிறகு தெரிந்தது; ஆனாலும் கடைசி நொடியில் தடுமாறும் என்னைவிட அச்சடித்த எழுத்தை நம்புவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

கொழுந்தன் கப்பலுக்குத் திரும்பிய மறுநாள், நான் பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு வந்தபோது மேசைமேல் டப்பா காலியாக இருந்தது.

“தொட்டில விட்டுட்டேன்” என்றார் மாமா, முகமெல்லாம் திருப்தியாக. “நம்ம தோட்டத்துக் கெணத்துல வருசா வருசம் கெண்டக் குஞ்சு விடுவோம்லா? புழு பூச்சிய அது பாத்துக்கிடும். இதுவும் புழுதான திங்கும்னான்? டப்பாக்குள்ள கெடந்து சாகதுக்கு நமக்கு உழைக்கட்டும்.”

குடிக்கிற தண்ணீரில் வேண்டாம் மாமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் ஒண்ணும் செய்யாது என்று சொன்னவள் நானே. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். எனக்கு அப்போது காரணம் தெரியாது, பயம் மட்டும்தான் இருந்தது. நான் எதற்கும் பயப்படுகிறவள் என்பது வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன விஷயம்.

பத்து நாளில் தொட்டியில் ஒரு புழு இல்லை. தண்ணீர் பளிங்காக இருந்தது. மாமா விடிந்ததும் ஒரு சொம்பு மொண்டு, வடிகட்டாமலே குடித்து, “எளநி கெட்டுது போ” என்பார். வெயில் உள்ளே இறங்கும் நேரம் மறுபடி மூடியை விலக்கி எட்டிப் பார்ப்பார். அப்படி ஒருநாள் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். அவர் குரல் வழக்கம்போல் இல்லை.

“தாயி, இங்கன வா. அது கைய வளத்துக்கிட்டு இருக்கு.”

போய்ப் பார்த்தேன். உச்சிவேளை. கண்ணாடி ஓட்டிலிருந்து வெயில் ஒரு தூண்போல நீருக்குள் நின்றது. அந்தத் தூணின் விளிம்பில் அது மிதந்துகொண்டிருந்தது. குமிழ் இருந்த இடத்தில் கூம்பாக ஒன்று நீண்டிருந்தது. இரண்டு மூன்று வாரத்தில் கூம்பு தட்டையாகி ஒரு சின்னத் துடுப்பு ஆயிற்று. துடுப்பில் பள்ளங்கள் விழுந்தன. பள்ளங்களுக்கு நடுவே, உள்ளே இருப்பது தெரியும்படியான மெல்லிய விரல்கள் எழுந்தன. எங்கள் வகுப்புச் சுவரில் கருவளர்ச்சிப் படம் ஒன்று தொங்கும். மொட்டு, துடுப்பு, பள்ளம், விரல். அந்தப் படத்தை ஒருவர் நிதானமாகத் தொட்டிக்குள் வரைந்துகொண்டிருப்பது போல இருந்தது. என் மகனின் கையும் எனக்குள்ளே இப்படித்தான் வந்திருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததும் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

அவனுக்கோ அங்கிருந்து வர மனமில்லை. கவிழ்த்த வாளிமேல் ஏறி நின்று விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “பாப்பா வா” என்பான். சில சமயம் அது வரும். அவன் தண்ணீரில் விரலை விட்டு அலசி, அந்த விரலை வாயில் வைப்பான். நான் பார்த்த நேரமெல்லாம் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். பார்க்காத நேரம் எத்தனை என்று தெரியாது.

சுவருக்கு அந்தப்பக்கத்து வீட்டு அக்காவுக்குச் செய்தி எப்படிப் போனதோ, ஒரு நாள் மதியம் நேராகப் பின்கட்டுக்கே வந்து நின்றார். அவர் வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவர். குமரியாக இருந்தபோது ஆபீசில், அதாவது தீப்பெட்டி ஆலையில், குச்சி மருந்து பற்றிக்கொண்டு வலதுகை வெந்துவிட்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் ஒன்றாக ஒட்டிப்போய்விட்டன. ஆள்காட்டி விரலுக்கு நுனி இல்லை. மிச்சமிருந்ததை வைத்துக்கொண்டு, அந்தத் தெருவிலேயே வேகமாக ஒட்டுகிறவர் அவர்தான்.

தொட்டியை வெகுநேரம் எட்டிப் பார்த்தார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். “ஏட்டி, இது தண்ணியா, மருந்தா? அதுக்கு மொளைக்குதுல்லா, எனக்கும் மொளைக்குமா?”

“அதுக்கு அது இயற்கையிலயே அப்படிக்கா. தண்ணியில ஒண்ணும் இல்ல.”

“நீ படிச்சவ, அப்படித்தான் சொல்லுவ. ஒரு சொம்பு தா. கையக் கழுவிட்டுப் போறேன். ஒனக்கு என்ன நட்டம்?”

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். ஒரு சொம்புத் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி, வலதுகையை அதில் ஊறவைத்துக்கொண்டு என் சமையல்கட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். கேலியாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் கையை எடுத்துத் துடைக்கும்போது முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். அப்போது நான் அடுப்பைப் பார்த்துக்கொள்வேன்.

ஆடிக் காற்று தொடங்கியிருந்த ஒரு நாள், அந்த வண்ண அட்டை அவர் கண்ணில் பட்டது. மாமா அதைக் கிழிக்காமல் எடுத்து மாடக்குழியில் சாத்தி வைத்திருந்தார்.

“இந்தப் புலிப்படம் போட்டதா உள்ள கெடக்கு? வரியவே காணும்?”

“கடையில ஒட்டி வித்திருக்கான்க்கா. அதுல போட்டிருக்கதுதான்.”

அக்கா சிரித்த சிரிப்பில் கிண்ணத்துத் தண்ணீர் தளும்பியது. “அடியே, லேபிள் ஒட்டுதவகிட்டயே லேபிளச் சொல்லுத பாரு! போன வாரம் கிளி ஒட்டுனேன். இந்த வாரம் புலி ஒட்டுதேன். உள்ள அதே குச்சிதான். பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு ஒட்டுதவ தெறந்தா பாக்கா? எந்த லேபிள் கட்டு கிட்ட கெடக்கோ அத எடுத்து ஒட்டிட்டுப் போவா.”

அச்சடித்தவர், படித்தவர், கண்ணாடி போட்டவர் யாரோ ஒருவர் யோசித்து எழுதிய வாசகம் அது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்போது ஏதோ ஒரு துறைமுகத் தெருவில், பசைக்கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்தேன்.

அக்கா கையைத் துடைத்தார். “ஆனா ஒண்ணு. சும்மா சொல்லக்கூடாது. நாலஞ்சு நாளா வெரல் நுனியெல்லாம் மதமதன்னு வருது. உள்ள ஏதோ நடக்குது பாத்துக்கோ.”

“மரத்துப்போற மாதிரியா?”

“ம். எறும்பு ஊருத மாதிரி. மொளைக்கதுக்கு முன்னால அப்படித்தான் இருக்குமோ என்னவோ.”

என் மகன் தரையில் உட்கார்ந்து ஒரு கரண்டியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். கரண்டியைப் போட்டுவிட்டுப் புறங்கையால் உதட்டைத் தேய்த்தான். மறுபடியும் தேய்த்தான்.

அக்கா போனதும் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து என் பாடப்புத்தகத்தை எடுத்தேன். வாலுள்ள நீர்நிலவாழிகள் பற்றி நான்கு பக்கம்தான். இந்தியாவில் அவை இமயமலையின் கிழக்கு மூலையில் மட்டும்தான் உண்டு என்பதால், வாத்தியார் ஒரே மணி நேரத்தில் முடித்துவிட்ட பாடம். சாலமாண்டருக்குப் பக்கத்தில் நியூட் என்ற இனம் இருந்தது. சொரசொரத்த தோல். விலாவில் கோடுகள் இல்லை. மீன்போல் இரண்டு பக்கமும் தட்டையான வால். வெட்டுண்ட கைகால் திரும்ப வளரும். சிலவற்றின் அடிவயிறு பளிச்சென்ற சிவப்பு. எதிரிக்கு அது எச்சரிக்கை, அவற்றின் தோல் நஞ்சைச் சுரக்கும். இவ்வளவுதான் இருந்தது. அந்த நஞ்சு தண்ணீரில் கலக்குமா, கொதிக்க வைத்தால் போகுமா, ஒன்றரை வயதுப் பிள்ளை எத்தனை தம்ளர் குடிக்கலாம் என்று அதில் இல்லை.

நான் அதன் வயிற்றைப் பார்த்ததே இல்லை. யாரும் பார்த்ததில்லை. டப்பாவில் அடிப்பக்கம் கறுப்புப் பிளாஸ்டிக். தொட்டியில் எப்போதும் மேலிருந்து முதுகைத்தான் பார்த்தோம். கையால் பிடித்துத் திருப்ப எனக்குத் துணிச்சல் இல்லை.

மறுநாள் உச்சிவேளைக்குக் காத்திருந்தேன். பிள்ளையைத் தூங்கவைத்தேன். கணவர் பகல் ஷிப்டில் இருந்தார். அவருடைய சவரக் கண்ணாடியை எடுத்து, கைப்பிடியில் ஒரு மூங்கில் குச்சியைச் சேர்த்துக் கட்டினேன். மூடியை விலக்கினேன். வெயில் தூண் இறங்கியது. கண்ணாடியை மெல்லத் தண்ணீருக்குள் விட்டு, முகம் மேலே பார்க்கும்படி சாய்த்துப் பிடித்தேன்.

முதலில் என் முகம்தான் தெரிந்தது. தொட்டியின் அடியிலிருந்து நான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று கூரைமேல் மண்ணை வாரி இறைத்தது. பிறகு அதுவும் நின்றது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது, தோள் கடுக்க ஆரம்பித்தது. கண்ணாடியில் என் முகத்துக்கும் எனக்கும் நடுவே ஒரு நிழல் வந்து நின்றது.

அது மூச்சுக்காக மேலே வந்திருந்தது. உடனே திரும்பிப் போகவில்லை. வயிறு முழுக்கச் சிவப்பு. குச்சி மருந்தின் சிவப்பு. அதன்மேல் மை கொட்டியது போலக் கறுப்புத் திட்டுகள். புதிதாக வளர்ந்த கையை மெதுவாக நீட்டி, கண்ணாடியின் விளிம்பில் வைத்தது. என் பிம்பத்தின் கன்னத்தில் வைத்தது போல இருந்தது. வலது முன்கையில் நான்கு விரல். இந்த இனத்துக்கு அப்படித்தான் இருக்கவேண்டும். இடது கையை எண்ணினேன். ஐந்து. மறுபடி எண்ணினேன். ஐந்துதான். ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம். கண்ணாடியில் மறுபடி என் முகம் மட்டும் இருந்தது.

கூடத்துக்கு வந்து உட்கார்ந்து, ஓர் உள்நாட்டுத் தபாலில் அதை வரைந்தேன். முதுகு, வயிறு, இரண்டு முன்கைகள். என்னோடு படித்து, எங்கள் கல்லூரியிலேயே செய்முறை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த தோழிக்கு முகவரி எழுதினேன். பதில் வர ஒரு வாரமாவது ஆகும். அந்த ஒரு வாரமும் பிள்ளை குடிப்பான். மாமா குடிப்பார். அக்கா கையை ஊறவைப்பார். பதில் வரட்டும் என்று காத்திருக்க எனக்கு ஆசையாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அதற்காகத்தான் கடிதமே எழுதினேன்.

மாமா கண்விழித்து, சொம்பை எடுத்துக்கொண்டு பின்கட்டுப் பக்கம் நடந்தார்.

“மாமா, அதக் குடிக்காதீங்க.”

திரும்பினார்.

“நான் தப்பாச் சொல்லிட்டேன். இது அட்டையில போட்டது இல்ல. வேற. தோல்ல விசம் உள்ள சாதி. அன்னைக்கே எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. சொல்லல.”

சொம்பு கையில் இருக்க, அப்படியே நின்றார். ஆறு மாதமாக அவர்தான் அதற்குக் காவல். அக்கம்பக்கத்தவரைக் கூப்பிட்டுக் காட்டியவரும் அவர்தான்.

“குழா வந்து ரெண்டு நாள்தான் ஆகுது. தொட்டி நெறையக் கெடக்கு. இனி எப்ப வருமோ. நிச்சயந்தானா தாயி?”

நிச்சயமா என்று கேட்டால் எப்போதும் நான் சொல்லும் பதில், அப்படித்தான் நினைக்கேன் மாமா. இந்தத் தடவை, “நிச்சயம். வயித்தப் பாத்துட்டேன்” என்றேன்.

துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாளியை எடுத்தார். “பிள்ள குடிக்குத தண்ணில்லா” என்றார்.

கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு மொண்டு மொண்டு கொல்லைக்குப் பின்னால் இருந்த காலி நிலத்துக்குக் கொண்டுபோனோம். முன்பு பருத்தி போட்ட நிலம். ஆடி வெயிலில் கை முழுசாக உள்ளே போகும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. முதல் வாளியை ஒரு வெடிப்பில் ஊற்றினேன். தரை நனையக்கூட இல்லை. அப்படியே உள்ளே போனது. பத்து வாளி, இருபது வாளி, அதே வெடிப்பு. எங்கே போகிறதென்று தெரியாமல் போய்க்கொண்டே இருந்தது. காதை வைத்தால் வெகு ஆழத்தில் ஏதோ விழுங்குகிற சத்தம்.

அக்கா வேலிப்பக்கம் ஓடிவந்தார். “ஏட்டி, கூறு கெட்டுப் போச்சா ஒனக்கு? தண்ணியக் கொண்டு மண்ணுல ஊத்துத! பெரியவரே, நீங்களுமா?”

சொன்னேன். விஷம் என்ற வார்த்தையைக் கேட்டதும் தன் வலதுகையை அனிச்சையாகப் புடவையில் துடைத்தார். பிறகு முகம் மாறியது.

“வெரல் மொளைக்கும்போலத் தோணுச்சுட்டி எனக்கு. இப்ப வந்து விசம்னு சொல்லுத.”

“அந்த மதமதப்பு அதுனாலதான்க்கா இருக்கும்.”

“இருக்கும், இருக்கும். ஒனக்குப் பிள்ளையக் காப்பாத்தணும். அன்னைக்கே வாயத் தெறந்து சொல்ல என்ன கொள்ள?” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நான் அடுத்த வாளியை எடுத்தேன்.

பொழுது சாய்வதற்குள் தொட்டி காலியாயிற்று. கடைசித் தண்ணீரை நான் கிண்ணத்தால் அள்ளினேன். மாமா குனிந்து மூலைமூலையாகப் பார்த்தார். அது இல்லை. தொட்டிக்கு வெளியே போக வழி கிடையாது. சுவர் உயரம், அடியில் ஓட்டை இல்லை. தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு தோல் மட்டும். உரித்த தோல், முழுசாக, மெல்லிய பாலாடை போல. தலை, வால், நான்கு கைகால், கையுறை போல விரல்கள்.

“வாளியோட போயிருக்கும்” என்றார் மாமா. “நாமளே அந்த வெடிப்புக்குள்ள ஊத்திட்டோம்.”

என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்து விஷயம் தெரிந்ததும், சாப்பிடாமல் சைக்கிளில் இரண்டு குடத்தைக் கட்டிக்கொண்டு மறுபடி ஆலைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அடுத்த குழாய்த் தண்ணீர் வரும்வரை அது அவருடைய வேலையாயிற்று. தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டு மூன்று முறை தேய்த்தேன். பிள்ளையை டாக்டரிடம் தூக்கிப் போனேன். நாக்கு, கண், முழங்கால் எல்லாம் தட்டிப் பார்த்தார். “பல் முளைக்குதும்மா, அதான் உதட்டத் தேய்க்கான். பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. நீங்கதான் சாப்பிடாதவங்க மாதிரி இருக்கீங்க” என்றார். பல்தானா, வேறா என்று எனக்கு இப்போதும் தெரியாது. இரண்டு நாளில் தேய்ப்பது நின்றுவிட்டது. பல்லும் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் மதியம் அவனைக் காணவில்லை. காலி நிலத்தில், அந்த வெடிப்பின் ஓரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, உள்ளே வாயை வைத்து, “பாப்பா வா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். தூக்கி நிமிரும்போது கீழேயிருந்து ‘ப்ளக்’ என்று கேட்டது. ஈரம் குடித்த மண் உள்ளே பெயர்ந்து விழுந்த சத்தமாக இருக்கலாம். மாமா அன்றைக்கே இரண்டு கூடை மணலைக் கொண்டுவந்து அந்த இடத்தை அடைத்தார். ஐப்பசி மழைக்குக் கரிசல் பொங்கி எல்லா வெடிப்பும் மூடிக்கொண்டது.

தோழியின் பதில், நான் கடிதம் போட்டுப் பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. என் படத்தையே திருப்பி அனுப்பியிருந்தாள். மேலே, ‘நியூட். ஜப்பான் பக்கத்து இனம். சந்தேகமே இல்லை. தோலில் கடுமையான நஞ்சு உண்டு. உயிரோடு நீந்திய தண்ணீரைக் குடித்தால் என்ன ஆகும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. நானாக இருந்தால் குடிக்கமாட்டேன்’ என்று எழுதியிருந்தாள். இடது முன்கையைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம். ‘ஐந்து விரல் வரைந்திருக்கிறாய். முன்கையில் நான்குதான். திருத்திக்கொள்’ என்று பக்கத்தில் ஒரு வரி.

என் கல்லூரி ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உரித்த தோலைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, வகுப்பில் செய்வதுபோல அடியில் அட்டையைக் கொடுத்துத் தூக்கி, காயவைத்து, அதில் ஒட்டியிருந்தேன். பக்கத்தில் அதே படம். பேனாவைத் திறந்தேன். ஒருவேளை நான்தான் தப்பாக எண்ணினேனோ? தண்ணீருக்குள் கண்ணாடி, வெயில் வேறு, பயந்துபோயிருந்தேன். தோலிலும் ஒரு மடிப்பு விரல் மாதிரித் தெரியலாம் அல்லவா?

அப்போதுதான் அக்கா உள்ளே வந்தார். ஆடி போய் ஆவணி பிறந்திருந்தது. அதுவரை அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. வந்தவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “மதமதப்புப் போயிருச்சு” என்றார், தெரிந்தவர் ஊருக்குப் போய்விட்டதைச் சொல்வதுபோல. பிறகு நோட்டைப் பார்த்தார்.

“இதா அது?”

“அதோட தோல்க்கா.”

“எந்தக் கையி?”

காட்டினேன். தோழி சொன்னதையும் சொன்னேன். அக்கா நோட்டை வெளிச்சத்துக்கு நகர்த்தி, குனிந்து, நுனியில்லாத தன் ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தொடாமல் தொட்டு எண்ணினார்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.” நிறுத்தினார். “அஞ்சு. ஒண்ணு கூடத்தான் மொளைச்சிருக்கு, பாவி.”

வலதுகையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். நான் பேனாவை மூடினேன். படத்தில் எதையும் வெட்டவில்லை.